சரிந்து நின்ற தூக்குநூல்

பலெர்மோவைக் காக்கும் புனிதை சாந்தா றொசலியா மீது ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பொய்யென்றால் என் வாயில் மிஞ்சியிருக்கும் பற்கள் இந்த நிமிடமே உதிரட்டும். அவற்றால் இப்போது பெரிய வேலை எதுவும் இல்லைதான். என்றாலும் ஆணை ஆணைதான்.

கிறிகோரி தொலைநோக்கிக் குழலுக்குள் கண்ணை வைத்தபோது, தூக்குநூல் சரிந்து நின்றது.

மதில் சரியலாம். கோபுரம் சரியலாம். பலெர்மோவில் நேராக நிற்கும் கட்டடத்தைத்தான் தேடிப் பிடிக்கவேண்டும். ஆனால் நுனியில் பித்தளைக் குண்டு தொங்கும் நூல் சரியாது. மன்னாரில் மேசன் வேலை பார்த்த காலத்தில், வேதாகமத்துக்கு அடுத்தபடியாக அவன் நம்பியது அந்தத் தூக்குக்குண்டைத்தான். பெட்டியில் வைத்து இத்தாலிவரை கொண்டுவந்ததும் அதைத்தான்.

ஓகஸ்ட் நடுப்பகுதி. பணக்காரர் வாழும் லிபெர்த்தா வீதி முழுவதும் விடுமுறைக்குக் கடலுக்கும் மலைக்கும் போய்விட்டிருந்தது. அந்தப் பெரிய கட்டடத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர்கள் இருவர்: மதியத் தூக்கத்தில் இருந்த கிழ வழக்கறிஞர், அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூக்கி இருத்தும் கிறிகோரி. கிழவர் தன் வேட்டைத் துவக்கின்மேல் பூட்டிக் குறிபார்க்கப் புதிய தொலைநோக்கிக் குழல் வாங்கியிருந்தார். எழுந்து நடக்க முடியாதவருக்குக் காட்டுப்பன்றி வேட்டை எதற்கு என்று கேட்க அவர் மகளுக்கே தைரியம் இல்லை. கிறிகோரி எந்த மூலை?

படுக்கப்போகும் முன் அவர் சொன்னார்: "கிறிகோரியோ, நான் எழும்பும்போது அது நேராக இருக்கவேண்டும். இருந்தால் உன் மனைவியைக் கூப்பிடு. பின்னறை உங்கள் இருவருக்கும்."

மன்னாரில் விட்டுவந்த மனைவி எமிலியானாவை நேரில் கண்டு ஏழு வருடம். பின்னறைக் கட்டிலில் சுவர்ப்பக்கத்தை இன்னும் அவளுக்கு விட்டுத்தான் அவன் படுப்பான்.

வேலை சின்ன வேலைதான். துவக்கைச் சுடவைக்கும் இரும்புத் துண்டைக் கழற்றிக் கிழவர் தன் தலையணைக்கடியில் வைத்திருந்தார். மிச்சத் துவக்கைச் சாப்பாட்டு மேசையில் இடுக்கியால் இறுக்கி, முதுகில் மட்டக்கோலை வைத்து, குமிழி நடுவுக்கு வந்து அசையாமல் நிற்கும்வரை கடதாசி மடித்து முட்டுக் கொடுத்தான். குழலை வளையங்களில் இருத்தி, சுழற்றக்கூடிய அளவுக்கு மட்டும் திருகாணிகளை முடுக்கினான். கண் வைக்கும் பக்கத்து றப்பர் மூடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டான். பற்றரியை அமத்த, உள்ளே குறுக்குக்கோடு சிவந்தது. அவன் அதைச் சிலுவை என்பான். முற்றத்துக்கு அப்பால், பூட்டிக் கிடந்த எதிர்வீட்டுப் பல்கனியில் காலையிலேயே நூலைத் தொங்கவிட்டிருந்தான்; அந்த வீட்டுப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறவனும் அவன்தான். சிலுவையின் நெடுங்கோடு நூலோடு ஒட்டி நிற்கவேண்டும். பிறகு முடுக்கவேண்டும். அவ்வளவுதான். சிலுவை சரிந்தால் தூரத்துப் பன்றிக்கு வைத்த குறியில் பக்கத்து மரம் சாகும்.

குழலுக்குள் இருட்டு. முற்றத்து நிழல் என்று நினைத்தான். இருட்டில் சிவப்புச் சிலுவை, பக்கத்தில் வெளிறிய நூல், ஒரு நெல்லளவு சரிந்து.

தலையை எடுத்து வெறுங்கண்ணால் பார்த்தான். நூல் ஒழுங்காகத் தொங்கியது. குமிழி நடுவில். குழலைக் கொஞ்சம் சுழற்றி மறுபடி குனிந்தான். நூல் இப்போது மற்றப் பக்கம் சரிந்திருந்தது, இரண்டு நெல்லளவு.

ஷிறோக்கோ என்ற தெற்கத்தி வெக்கைக்காற்று காலையிலேயே செத்திருந்தது. யன்னற் பலகைகளில் வெயிலேறிப் பழைய வர்ணம் மணத்தது; சமையலறையில் பொரித்த கத்தரிக்காயின் எண்ணெய் வாடை ஆறிக் கிடந்தது; கிழவரின் குறட்டை ஒரு கதவை இழுத்து இழுத்துச் சாத்துவதுபோல நடைவழியால் வந்துகொண்டிருந்தது. அந்தக் குறட்டையை ஒரு துணையாக நினைத்ததில் அவனுக்கே வெட்கம்.

கைபேசி அதிர்ந்தது. எமிலியானா.

"இஞ்சாருங்கோ, என்ன மூச்சு வாங்குது?"

"துவக்குக்குக் கண்ணாடி பூட்டுறன்."

"முதல்லை உங்கடை கண்ணுக்குப் பூட்டுங்கோ. போன கிழமை உப்பெண்டு சீனியைப் போட்ட ஆள்."

"பகிடி விடாதை. நேராய் வந்தா நீ இஞ்சை வாறாய். மனுசன் சொல்லிப்போட்டார்."

"அப்ப நேராக்குங்கோ" என்றாள் மெதுவாக. "அது சரி, பக்கத்திலை ஆர் தட்டுறது?"

"ஒருத்தரும் இல்லையே."

"டொக் டொக் எண்டு கேக்குது. கிட்டத்திலை."

இணைப்பு அறுந்தது.

குனிந்தான். நூல் சரிந்திருக்கவில்லை. நூல் உயர்ந்திருந்தது. குண்டு கீழே இல்லை. முற்றத்தின் குறுக்கே, இவன் பக்கமாக, யாரோ பிடித்து இழுத்துக்கொண்டு வருவதுபோல் மிதந்து வந்தது. தூக்குக்குண்டு என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பான். அந்தப் பெயரில் ஒரு தூக்கு இருப்பது இப்போதுதான் உறைத்தது.

வெறுங்கண்ணால் பார்த்தான். நேராகத் தொங்கியது.

குழலுக்குள் பார்த்தான். இன்னும் கிட்ட.

டொக்.

கண்ணாடியில். மறுமுனையில்.

"நேராக இருக்கிறதா?" கிழவரின் குரல்.

குறட்டை நிற்கவில்லை.

குறட்டை நடைவழியால் வந்தது. குரல் குழலுக்குள்ளால் வந்தது.

எழுந்து ஓடலாம். கதவு பக்கத்தில்தான். ஓடினால் பின்னறை இல்லை. சுவர்ப்பக்கம் வெறுமையாகவே கிடக்கும். செத்தாலும் அப்படியே.

குனிந்தான்.

நூல் இல்லை. குண்டு இல்லை. இருட்டு. சிவப்புச் சிலுவை. அதன் பின்னால் ஒரு கண். ஈரமாக. அகலமாக. இவனையே பார்த்தபடி.

கிறிகோரி தன் கண்ணை இறுக மூடித் திறந்தான்.

அது அப்போதுதான் மூடிக்கொண்டிருந்தது.

"நேராக இருக்கிறதா, கிறிகோரியோ?"

"ஓம், சிஞ்ஞோரே" என்றான். தமிழில்தான் வந்தது. விரல்கள் திருகாணியைத் தேடின. முடுக்கின. அது உள்ளேயே இருக்கத்தக்கதாக, கடைசிச் சுற்றுவரை முடுக்கின. அந்தக் கண் மெல்லத் திறந்து, சிலுவைக்கு நேரே வந்து நின்றது.

மாலையில் கிழவர் தூக்கம் விட்டெழும்பித் துவக்கை மடியில் வாங்கிப் பார்த்தபோது, குழலின் முன்பக்கத்துக் கண்ணாடியை மறைக்கும் றப்பர் மூடி, கடையில் ஒட்டிய தாள்கூடக் கிழியாமல், அப்படியே இருந்தது.