இருநூற்றுப் பதினான்கு மணி நேரம்

ஒலிபெருக்கியைக் கழற்றி மேசைமேல் வைத்த பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

லூபென் சால்டரிங் அயர்னைத் தாங்கியில் செருகிவிட்டு, கையகல விளையாட்டுக் கருவியைக் காதருகே கொண்டுபோனான். ஈரத் துணியைச் சுவரோடு தேய்த்து இழுப்பது போல ஒரு நீண்ட இழுப்பு, சிறு இடைவெளி, மறுபடி இழுப்பு. நாணயம் அளவிலான ஒலிபெருக்கியோ ஒயர்கள் வெட்டப்பட்டு, உருகிய ஈய வாசத்துக்கு நடுவே மல்லாந்து கிடந்தது.

சத்தம் வருவது அவனுக்குப் புதிதல்ல. இந்தப் பழைய கருவிகளில் மங்கல் திரையை எடுத்துவிட்டுப் புது ஒளித்திரை மாட்டினால், திரைக்குப் போகும் மின்சாரம் ஒலிக்குள் கசிந்து ஒரு ரீங்காரம் எழும். தனியாக ஓர் எர்த் வயர் இழுத்து, கூடவே ஒரு கெப்பாசிட்டர் வைத்தால் அடங்கிவிடும். காலையிலிருந்து இரண்டையும் இரண்டு தடவை செய்து பார்த்துவிட்டான். கடைசியில் இதே தொழில் செய்யும் நண்பன் குருமுக்குப் போன் போட்டான்.

"எர்த் தனியா இழுத்தியா?"

"இழுத்தேன்டா."

"அப்போ ஸ்பீக்கர் போயிருக்கும். மாத்து."

"கழட்டியே வெச்சுட்டேன். இன்னும் கேக்குது."

"அப்படின்னா உன் காதக் கழட்டி வை," என்று சிரித்துவிட்டுக் குரும் போனை வைத்தான்.

மடியில் கனம் இல்லாதவனாக இருந்தால் லூபெனும் சிரித்திருப்பான்.

அவனுடைய பட்டறை நிலவறையில் இருந்தது. அதன் ஒரே ஜன்னல் நடைபாதை மட்டத்தில் திறக்கும். வருகிறவர்கள் மண்டியிட்டுத்தான் பேச வேண்டும். இந்த சோஃபியா நகரத்தில் சாமிக்கு முன்னால்கூட மண்டி போடாதவனெல்லாம் என் முன்னால் போடுகிறான் என்று லூபென் பீர் குடிக்கும்போது பீற்றிக்கொள்வான். முகங்களைவிடக் காலணிகளே அவனுக்குப் பழக்கம். ஜிப் பிய்ந்த பழுப்பு பூட்ஸ் என்றால் வெனெட்டா. ஆரஞ்சு நாடா கட்டிய துணிக் காலணி என்றால் அவள் மகன் யாவோர். பதினான்கு வயதுப் பையன். மண்டியிடாமல் குந்தி உட்கார்ந்து, "மாமா, கேம் கேசட் ஏதாச்சும் வந்துச்சா?" என்று தலையை உள்ளே நீட்டுவான்.

போன ஜனவரியில் அவன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். அந்தக் காலணியோடுதான் அவனைப் புதைத்தார்கள்.

இலையுதிர் காலத்தில் வெனெட்டா அவன் கருவியைக் கொண்டுவந்தாள். அதில் கடைசி வரை அவன் விளையாடிய கேசட் இருந்தது. படுக்கையில் கிடந்தபடியே இருநூற்றுப் பதினான்கு மணி நேரம் ஆடியிருந்தான். அவன் பெயர் சூட்டிய ஒரு சின்ன உருவம், ஆட்டத்துக்குள் ஒரு பாலத்தின் நடுவில், முதுகைக் காட்டி நின்றது. "எனக்கு ஆடத் தெரியாது தம்பி. தினமும் போட்டு அவன் நிக்கறதப் பாப்பேன், அவ்ளோதான். கண்ணு மங்குது, திரைய மட்டும் வெளிச்சமாக்கிக் குடு. வேற எதையும் தொட்றாத."

தொட்டான். கேசட்டுக்குள் இருந்த பொத்தான் பேட்டரி சாகும் நிலையில் இருந்தது. அது செத்தால் சேமித்ததெல்லாம் போய்விடும். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தான். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்திருக்க வேண்டும். எந்தக் கத்துக்குட்டிக்கும் அது தெரியும். இரண்டு நிமிட வேலைக்கு நகல் எதற்கு என்ற கைத்திமிர். பழைய பேட்டரியை எடுத்துப் புதியதைப் பற்றவைத்துப் போட்டுப் பார்த்தபோது, ஆட்டம் முதலிலிருந்து தொடங்கி, "உன் பெயர் என்ன?" என்று கேட்டது.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. யாவோர் என்று பெயர் கொடுத்து, தானே ஆடி, அந்தப் பாலத்துக்கு ஓர் உருவத்தைக் கொண்டுபோய் நிறுத்தினான். ஆடிய நேரம் மட்டும் குறைவாகக் காட்டியது. ஆகவே கருவியைச் சுவர் மின்சாரத்தில் செருகி, எண் இருநூற்றுப் பதினான்கு ஆகும் வரை அப்படியே ஓடவிட்டான். ஏறக்குறைய ஒன்பது நாள். பகலும் இரவும் இந்த நிலவறையில், செத்த பையனின் பெயரோடு, உள்ளே யாருமில்லாத அந்த உருவம் தனியாக நின்றது.

வெனெட்டா வாங்கிக்கொண்டு அவன் கையில் முத்தமிட்டாள். அந்த இடம் இன்றும் அவனுக்குக் கூசியது.

நேற்று மாலை மறுபடி வந்தாள். "இதுக்குள்ள சத்தம் வருது தம்பி. கடைசி வாரம் ஆஸ்பத்திரில அவன் மூச்சு இப்படித்தான் இழுத்துச்சு. பாவம், கஷ்டப்படறான். கொஞ்சம் லேசாக்கி விடேன். நாளைக்கு அவன் போயி ஒரு வருஷம்."

இப்போது மணி நாலரை. வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. தெரு நீலமாகி, பிறகு சாம்பலாகி, ஜன்னலில் இருட்டு வந்து ஒட்டிக்கொண்டது. லூபென் திருகுகளை மறுபடி அவிழ்த்தான். எர்த் வயரைத் தடவிப் பார்த்தான். உறுதியாக இருந்தது. ஒலிச் சக்கரத்தைக் குறைத்தான். சத்தம் குறையவில்லை. பென்சில் பேட்டரிகள் இரண்டையும் உருவி மேசையில் வைத்தான்.

திரை அணையவில்லை.

பாலம் தெரிந்தது. அதன் நடுவில் உருவம் இல்லை. கீழ் விளிம்பில் இருந்தது. அவன் பக்கம் திரும்பி நின்றது.

கேசட்டைப் பிடுங்கினான். வெற்றுக் கருவியில் அதே பாலம். மூச்சு இழுத்தது, நின்றது, இழுத்தது. திறந்த வீட்டில் நாய் நுழைந்த மாதிரி என்று ஒரு நினைப்பு வந்தது. திறந்து வைத்தது யார்? நீதான்டா. ஒன்பது நாள் திறந்து வைத்தாய்.

உருவம் ஓர் அடி வைத்தது. விளிம்பைத் தாண்டியது.

பாலம் காலி.

சத்தம் நின்றது.

ஹீட்டர் டிக் டிக் என்றது. மேலே பனியை மிதிக்கும் ஓசை கேட்டது. ஜன்னலில் பழுப்பு பூட்ஸ் வந்து நின்றது. ஜிப் பிய்ந்த பூட்ஸ். வெனெட்டா மண்டியிட்டாள். லூபென் ஜன்னலைத் திறந்தான். முக்காட்டில் பனியும் மெழுகு வாசமும் இருந்தன. முகத்தில் அவன் ஒரு வருஷமாகப் பார்க்காத சிரிப்பு.

"கல்லறைலேர்ந்து நேரா வர்றேன் தம்பி. இந்தா."

பிளாஸ்டிக் கோப்பை ஒன்று உள்ளே நீண்டது. சர்க்கரை தூவிய அவித்த கோதுமை. செத்தவரின் நினைவு நாளில் அதை வாங்குகிறவர் "கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லும். லூபென் கோப்பையைப் பிடித்தான். அவளும் விடவில்லை, அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவன் மேசைமேல் கிடந்த வெற்றுக் கருவியைப் பார்த்தான்.

"சொல்லு தம்பி. அவனுக்காக."

"அக்கா..."

"இன்னிக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கேன் தெரியுமா? எல்லாம் உன் கை ராசி."

அது போதும். "அக்கா, நான் பாவி. நீங்க தொடாதன்னீங்க, நான் தொட்டுட்டேன். அவன் வெச்சிருந்ததெல்லாம் அழிஞ்சுபோச்சு. அவன் பேரப் போட்டு நானே ஒண்ணு செஞ்சு உங்க கைல குடுத்தேன். இத்தன நாளா நீங்க பாத்தது யாவோர் இல்லக்கா."

கோப்பை ஆடியது. கோதுமை மணிகள் மேசைமேல் சிந்தின.

வெனெட்டாவின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பப் பயந்தவள் போலக் கழுத்தை அசைக்காமல், குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்போ என் பக்கத்துல நிக்கிறது யாரு?"

அப்போதுதான் அவனுக்கு அது கேட்டது. வெளியே. அவள் தலைக்கு மேலே. நீண்ட இழுப்பு. இடைவெளி. மறுபடி இழுப்பு.

அவள் தோளை ஒட்டி, பனியில், இரண்டு துணிக் காலணிகள். ஆரஞ்சு நாடா. கல்லறை மண்.

நாடா ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது. ஆனால் வலது காலணி இடது காலில் இருந்தது. இடது காலணி வலது காலில். பார்த்துப் பார்த்துச் செய்தும், யாவோரைத் தெரியாத ஒருவன் செய்தது போல.

"தம்பி," என்றாள் வெனெட்டா, அவன் விரல்களைப் பற்றிக்கொண்டு, உதடு அசையாமல். "என் கைய விட்றாத."

அவளுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்க, அந்த முழங்கால்கள் மெல்ல மடங்கத் தொடங்கின.