ஆடினா அடை, அடங்கினா அனுப்பு

ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது; சத்தம்தான் இல்லை.

அவள் அதை உடனே கவனிக்கவில்லை. முன்னறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பீங்கான் கோப்பை ஒவ்வொன்றையும் தாளில் உருட்டி, பிடிப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் கவிழ்த்து, இடுக்குகளில் கசக்கிய தாளைத் திணித்துக்கொண்டிருந்தாள். கைகள் பழக்கத்தில் ஓடின. மனசு வயிற்றில் கிடந்தது. நிறைமாதம். ஒரு நிமிஷம் சும்மா இருக்காத பிள்ளை, காலையிலிருந்து அசையவே இல்லை. "சரக்க இறக்கிட்டு ஓடி வந்துடறேன், நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கணவன் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தான். இதற்கு முந்தைய பிள்ளையும் இப்படித்தான் ஒருநாள் சும்மா இருந்தது. பிறகு சும்மாவே இருந்துவிட்டது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

"தூங்குது அண்ணி," என்றாள் எதிரே இருந்த நாத்தனார். "எங்கண்ணன் ரத்தமாச்சே. மழை பெஞ்சா தூங்காம வேற என்ன பண்ணும்?"

நாத்தனாருக்கு வாயாடி என்று பட்டப்பெயர். மூடி ஒட்டுவதும் சோதிப்பதும் அவள் வேலை. ஒட்டிய பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் காதோடு வைத்து ஒரு குலுக்கு. உள்ளே ஏதாவது லொடலொடத்தால் டேப்பைக் கீறித் திறந்து இன்னும் கொஞ்சம் தாள் திணிக்க வேண்டும். மறுபடி ஒட்டி, மறுபடி குலுக்கு. பார்சல் கட்டிப் பிழைக்கும் அந்த வீட்டில் அதுதான் வேதம்: ஆடினா அடை, அடங்கினா அனுப்பு.

"இது எங்கண்ணனேதான் அண்ணி. வெளிய பெரிசு, உள்ள வெறும் காத்து." வாயாடி ஒரு பெட்டியைக் குலுக்கிச் சிரித்தாள்.

"அவரு காதுல விழட்டும், உன்னையும் சேத்துக் கட்டி அனுப்பிடுவாரு."

"அனுப்பட்டுமே. போற எடத்துலயாவது எனக்கு எவளாவது சமைச்சுப் போடுவா."

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோதுதான் அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறதென்று உறைத்தது. தகரக் கூரை போட்ட வராந்தா. தூறலுக்கே வறுகடலை பொரிவதுபோல் சடசடக்கும். இப்போது கொட்டுகிறது. மழை நூல்நூலாக இறங்குவது தெரிகிறது. தெருவில் ஒரு வண்டி தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு போவதும் தெரிகிறது. எல்லாம் ஊமைப் படம்.

"மழ சத்தமே கேக்கல, பாத்தியா?"

"காது அடைச்சிருக்கும் உங்களுக்கு," என்று எழுந்து ஜன்னலருகே போன வாயாடி, அங்கேயே நின்றாள்.

ஜன்னலின் அடிவிளிம்பிலிருந்து ஒரு பழுப்பு நிறம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. யாரோ வெளியிலிருந்து அவசரமே இல்லாமல் திரை ஒன்றைத் தூக்குவதுபோல. முதலில் தெரு மறைந்தது, பிறகு எதிர்வீட்டு மாடி, பிறகு வானம். அறைக்குள் இருந்த சாயங்கால வெளிச்சம் வடிந்து, மங்கிய விளக்கொளி மட்டும் மிஞ்சியது. புது அட்டையின் அந்த உலர்ந்த, லேசாகப் பசை கலந்த வாசனை, அவர்கள் உடம்பிலேயே ஊறிப்போன வாசனை, திடீரென்று மூச்சு முட்டும் அளவுக்குக் கூடியது.

வாயாடி ஓடிப்போய் வாசல் கதவை உள்பக்கம் இழுத்துத் திறந்தாள். வாசல் இல்லை. அட்டை இருந்தது. நிலையிலிருந்து நிலைவரை, வரிவரியாக, மட்டமாக. அவள் பெட்டி கீறும் கத்தியை எடுத்துப் பிடிவரைக்கும் இறக்கினாள். அந்தப் பக்கம் எட்டவில்லை. கீறலின் விளிம்பில் அடுக்குகள் தெரிந்தன. அடுக்கு மேல் அடுக்கு.

"ஒடையிற சாமானுக்குப் போடுற அட்ட," என்றாள் வாயாடி மெதுவாக.

அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். போனை எடுத்தாள். இரண்டு மூன்று தடவை அறுந்து, கடைசியில் கணவனின் குரல் வந்தது, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல.

"வாசல்லதான் நிக்கிறேன்... நம்ம தெருதான்... ஏம்மா, இங்க வீட்டையே காணோமே..."

அதோடு போன் செத்தது.

அப்போது தலைக்கு மேலே அந்த ஓசை. டேப்பை நீளமாக இழுக்கும்போது வருமே, தோல் உரிப்பதுபோல, அது. கூரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாகப் போயிற்று. பிறகு அதன் மேல் எதையோ வைத்துத் தேய்த்து அழுத்தும் ஓசை. குமிழி இல்லாமல் ஒட்ட அவர்களும் அப்படித்தான் தேய்ப்பார்கள்.

பிறகு வீடு எழும்பியது.

தரை சாய்ந்தது. அடுக்கி வைத்திருந்த பெட்டிகள் சரிந்தன, சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன, வாயாடி தூணில் மோதி விழுந்தாள். ஒரு பக்கம், மறுபக்கம். ஒரே குலுக்கு. நின்றது.

"யாராவது இருக்கீங்களா! தொறங்க! உள்ள ஆள் இருக்கோம்!" வாயாடி சமையலறை வாசலில் நின்று கத்தினாள். தட்டை எடுத்துச் சுவரில் அடித்தாள். "அண்ணி, நீங்களும் கத்துங்க! சத்தம் கேட்டாத்தானே தொறப்பாங்க!"

"வேணாம்." அவள் கிசுகிசுத்தாள். "சத்தம் போடாத. தொறப்பாங்க. தொறந்துட்டு என்ன பண்ணுவாங்க? நாம என்ன பண்ணுவோம்?"

வாயாடிக்குப் புரியவில்லை. புரிவதற்குள் கூரை நடுவில் பிளந்தது. வெளிச்சம். வெள்ளை வெளிச்சம். வாயாடி இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள், முகமெல்லாம் சிரிப்பு. "தொறந்துட்டாங்க! அண்ணி, தொற..."

கசக்கிய தாள் இறங்கியது. ஒரு கட்டில் அளவு. அது சத்தம் வந்த இடத்தைத் தேடி, சமையலறை வாசலில் பதமாக இறங்கி, அமுங்கியது. அதன் மேல் இன்னொன்று. ஓரங்களில் சின்னதாக இன்னும் இரண்டு. எங்கேயும் முரட்டுத்தனம் இல்லை. உள்ளே வாயாடியின் குரல் கொஞ்ச நேரம் கேட்டது, தலையணைக்குள் பேசுவதுபோல. அப்புறம் கேட்கவில்லை.

கூரை மூடியது. டேப்பின் ஓசை.

அடுத்த குலுக்கலுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறதென்று அவள் கைக்குத் தெரியும். நாத்தனாரின் பெயரைச் சொல்லி அழக்கூட நேரமில்லை. உருண்டு கிடந்த கோப்பைகளை வாரித் துணிக்குள் புதைத்தாள். காற்றுக் குமிழி வைத்த பபிள் ஷீட் சுருளை இழுத்து வயிற்றைச் சுற்றினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, முதுகு, இடுப்பு, மறுபடி வயிறு. சுவருக்கும் சரக்குப் பெட்டிகளுக்கும் நடுவே இருந்த இடுக்கில் பின்பக்கமாக நுழைந்து, இரண்டு பக்கமும் தாளைத் திணித்து, ஒரு பெட்டியை இழுத்து மார்போடு முட்டுக் கொடுத்தாள். தோளுக்கு மேல் மிச்சமிருந்த இடத்திலும் திணித்தாள். தொழிலில் அவளை மிஞ்ச ஆளில்லை. விரல் நுழைய இடமில்லாமல் அடைத்து முடித்த பிறகுதான் கையை வெளியே எடுக்கவும் முடியாதென்று தெரிந்தது.

வீடு எழும்பியது. ஒரு பக்கம். மறுபக்கம்.

எதுவும் ஆடவில்லை.

மூச்சைப் பிடித்திருந்தாள். மேலே ஏதோ கூர்ந்து கேட்டது. காது ஒன்று கூரையோடு ஒட்டியிருக்கிறது. வீடு முழுக்க அதன் கவனிப்பு. தாள்கள் நெரியும் சின்ன ஓசை. அதுவும் அடங்கியது. விளக்கு அணைந்தது.

அடங்கினா அனுப்பு. எங்கே என்று அவள் நினைக்கவில்லை. போகட்டும். போகிற இடத்தில் யாராவது திறப்பார்கள். கவனமாகத் திறப்பார்கள். நானும் பிள்ளையும் முழுசாக இருப்போம். அது போதும்.

அசையாதே.

காலையிலிருந்து ஒரு உதைக்காக ஏங்கிக் கிடந்தவள், இப்போது வயிற்றிடம் கெஞ்சினாள். என் கண்ணு, அசையாதே. தூங்கு. கொஞ்ச நேரம் தூங்கு. உடனே பயம் வேறு பக்கமிருந்து பிடித்தது. தூங்குகிறதா? தூங்கத்தான் செய்கிறதா? ஒன்றே ஒன்று. மெதுவாக ஒன்று. எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி. இல்லை, வேண்டாம். வேண்டாம்.

வீடு மெல்ல மிதந்தது. தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அப்போது விலாவுக்குக் கீழே ஒரு திரும்பல். தூக்கம் கலைந்து முதுகை நெளிக்கிற மாதிரி. அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது. உயிரோடிருக்கிறது. உயிரோடிருக்கிறது.

குதிகால் ஒன்று உள்ளிருந்து பலமாக உதைத்தது. வயிற்றோடு இறுகியிருந்த ஷீட்டில் ஒரு குமிழி வெடித்தது.

டப்.

மிதப்பு நின்றது.

டேப் கீறும் ஓசை. கோடாக வெளிச்சம். கோடு அகன்றது. விரல் ஒன்று இறங்கியது, ஒரு ஆள் உயரம். பெட்டிகளைத் தொட்டது. நகர்ந்தது. கோப்பைத் துணியைத் தொட்டது. நகர்ந்தது. அவள் தலைமுடியை ஒதுக்கியது. தோளுக்கு மேல் அவள் திணித்திருந்த தாளை மெச்சுவதுபோல் ஒரு தடவை அழுத்திப் பார்த்தது. முட்டுக் கொடுத்த பெட்டியை விலக்கியது. ஷீட் சுற்றிய வயிற்றின் மேல் வந்து, இதமான சூட்டோடு, அப்படியே நின்றது. காத்திருந்தது.

அந்தச் சூட்டுக்கு உள்ளேயிருந்து பிள்ளை இன்னொரு தடவை உதைத்தது.