அஞ்சலிப் பாடலுக்கு முன் முப்பது வினாடி

மனிதகுலம் கணினியைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஒரு கணினிகூடத் தானாக உறைந்ததில்லை; உறைந்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முட்டாள் இருக்கிறான். சிபாட்டா நகரின் சமூக வானொலியில் லினக்ஸ் கணினிகளைக் கட்டிக்காக்கும் லாக்சன் தெம்போவின் கொள்கை இது; அந்த ஊர் மரியாதைப்படி எல்லோருக்கும் அவன் 'பா தெம்போ'. பதினோரு ஆண்டுகளில் அந்த முட்டாள் ஒருமுறைகூடத் தெம்போவாக இருந்ததில்லை.

வியாழன், பகல் 1.09. அறிவிப்பாளர் தியாமிகே ஸகாலா அன்றைய கடைசி இரங்கல் அறிவிப்பை வாசித்துவிட்டு, அஞ்சலிப் பாடலை ஓடவிட்டாள். பாடல் வரவில்லை. திரையில் அம்பு மட்டும் அசைந்தது, மற்றதெல்லாம் கல். முப்பது வினாடி மாவட்டமே மௌனம். பிறகு ஒன்றும் நடக்காதது போலப் பாடல் தொடங்கியது.

திங்கள் முதல் தினமும் இதே கதை.

1.20. நிலைய மேலாளர் திருமதி டாக்கா வந்து நாற்காலியில் விழுந்தார்.

"போன் மேல போன். 'எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் பாட்டு லேட்டு'ன்னு அழுறாங்க. தியாமிகே, நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா உன் இடத்துல வேற ஆளு."

"நான் என்னம்மா பண்ணேன்?"

"பா தெம்போ, ஞாயித்துக்கிழமை மின்வெட்டுல பேட்டரிய எட்டு மணி நேரம் இழுத்துக் காட்டினீங்களே, இதுக்கு வழி இல்லையா?"

"ஹார்ட் டிஸ்க்க மாத்தியாச்சு, ஒயர மாத்தியாச்சு. மிச்சம் இருக்கிறது இவதான்," என்றான் தெம்போ.

மேலாளர் போனதும் தெம்போவின் விசாரணை தொடங்கியது.

"பாட்டு நிகழ்ச்சியில உறையுதா?"

"இல்ல."

"செய்தியில?"

"இல்ல. நடுநடுவுல இசை போடுறேனே."

"இரங்கல் நேரத்துல என்ன பண்ணுவ?"

"சொந்தக்காரங்க எழுதிக் குடுத்த சீட்டப் பாத்து வாசிப்பேன். கை மடியில இருக்கும். செத்தவங்க பேரச் சொல்றப்ப மெஷின நோண்டலாமா?"

"வேற?"

தயங்கினாள். "நேத்துல இருந்து, வாசிக்கிறதுக்கு முன்னாடி முழங்கால மடக்கி, கை குவிச்சு மெதுவாத் தட்டுறேன். பெரியவங்களுக்குச் செய்யுற மாதிரி, மரியாதைக்கு."

"யாருக்கு?"

"கம்ப்யூட்டருக்கு."

தெம்போ கண்ணில் நீர் வரச் சிரித்தான். "ஒரு கோழியும் அடிச்சுப் போடேன்!"

"சிரிங்க, பா தெம்போ. வேலை போறது எனக்குத்தான."

2.00 முதல் 4.30 வரை தெம்போ கணினியைப் பிழிந்தெடுத்தான். நூறு கோப்புகளைத் திறந்தான், நகலெடுத்தான், அழித்தான். அது ஒருமுறைகூடத் திணறவில்லை. கணினியின் பதிவேட்டில் மட்டும் நான்கு நாளும் ஒரே புகார்: ஹார்ட் டிஸ்க் பதில் சொல்லவில்லை, இணைப்பு மீட்டமைக்கப்படுகிறது.

4.40. களைத்துப்போய்க் கையை மடியில் போட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தான். ஒன்பது நிமிடம் கழித்து, சும்மா ஒரு பாடலைத் தொட்டான்.

உறைந்தது. முப்பது வினாடி.

5.00. இருவரையும் கூப்பிட்டான். குரலில் உயிரில்லை.

"டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல கண்ட்ரோலர்னு ஒரு சிப் இருக்கு. யாரும் எதையும் தொடலைன்னா கரண்ட் மிச்சம் பண்ணத் தூங்கிடும். இது செத்த மாதிரி தூங்குது. கூப்பிட்டா எழுந்திரிக்கல. கம்ப்யூட்டர் முப்பது வினாடி பொறுத்துட்டு, இணைப்ப வெட்டிச் சேத்துதான் எழுப்ப வேண்டியிருக்கு. நான் தட்டிக்கிட்டே இருந்தேன், அதனால அது தூங்கல. இந்த ஸ்டேஷன்ல பத்து நிமிஷம் கைய மடியில வச்சிருக்கிற ஒரே ஆளு தியாமிகேதான்."

"அப்ப அவதானா?" என்றார் மேலாளர்.

"இல்ல. பேட்டரி தாங்கணும்னு ஞாயித்துக்கிழமை அந்தத் தூக்க செட்டிங்க முழுசாத் திருகி வச்ச ஆளு."

"யாருய்யா அது?"

தெம்போ மின்விசிறியைப் பார்த்தான். மின்சாரம் இல்லாததால் அதுவும் உதவிக்கு வரவில்லை. "நான்தான்."

மேலாளர் பெருமூச்சுவிட்டு எழுந்தார். "தியாமிகே, நாளைக்கும் நீதான் வாசிக்கிற."

"கோழிய நீங்களே வாங்கிட்டு வந்துருங்க, பா தெம்போ," என்றாள் தியாமிகே.

செட்டிங்கை அன்றே மாற்றினான். கையைக் கட்டிக்கொண்டு மூன்று முறை பத்துப் பத்து நிமிடம் காத்திருந்து சோதித்தான். மூன்று முறையும் பாடல் உடனே வந்தது. அறிவியல் அத்துடன் முடிந்தது.

வெள்ளி, பகல் 1.08. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தியாமிகே கடைசிச் சீட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். தெம்போ கதவைப் பார்த்தான், யாருமில்லை. முழங்காலை மடக்கி, உள்ளங்கைகளைக் குவித்து, சத்தம் வராமல் இரண்டு முறை தட்டினான்.