மூன்றாவது வரி

2008ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்த பழைய கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மெதுவாகிப் போயின. கணினி திருத்தும் எனக்குத் தொலைபேசியில் அப்படித்தான் சொன்னார்கள். "மெஷின் சரியான ஸ்லோ தம்பி. எல்லாத்தையும் அழிச்சுப் புதிசாப் போட்டுத் தரவேணும்." பொலிசும் இராணுவமும் வீடு வீடாகத் தேடுதல் நடத்திய மாதங்கள் அவை. வடக்கே ஊரில் எடுத்த ஒரு படம் போதும், கேள்வி வர. நான் காரணம் கேட்பதில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, இரண்டு சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து காட்டி, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. கதவைத் திறந்தவர் நாகேஸ்வரி அன்ரி. குளியலறையில் யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் விழும் சத்தம். கூடம் முழுக்கச் சிவப்புச் சவர்க்காரத்தின் வாசம்.

"வலன்ரைன் தம்பியோ? இரும். உது சரியான கிழட்டு மெஷின். போட்டுட்டுப் போய்ச் சோறு வடிச்சிட்டு வரலாம்."

"என்னட்டைத் தாங்கோ அன்ரி. நாளைக்கு அரிசி கழுவக்கூட நேரமிராது."

அவர் சிரிக்கவில்லை.

பக்க மூடியைக் கழற்றித் தூசியை ஊதினேன். ஒரு கணினி ஏன் மெதுவாகிறது என்று விளக்குவது எனக்குப் பிடித்த வேலை. நிறுவிய ஒவ்வொரு நிரலும், நாம் நீக்கிய பிறகும், சில துண்டுகளை விட்டுப்போகும். காலையில் கணினி கண்விழிக்கும்போது அந்தத் துண்டுகளையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழும்பும். எழும்ப நேரமாவது அதனால்தான்.

"எடுத்து வைக்க ஏதும் இருக்கா? படங்கள்?"

"ஒண்டும் வேண்டாம்."

"ஆனா அழிச்சாலும் அழியாது அன்ரி. புத்தகத்தில முன்னுக்கிருக்கிற பொருளடக்கத்தைக் கிழிக்கிற மாதிரித்தான். பக்கங்கள் எல்லாம் உள்ளுக்கை அப்படியே கிடக்கும். தெரிஞ்சவன் தோண்டி எடுப்பான்."

அவர் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார்.

"பக்கங்களும் இல்லாமல் போக வழி இருக்கோ?"

இருந்தது. வட்டின் ஒவ்வொரு இடத்திலும் பூச்சியத்தை எழுதும் இன்னொரு சிடி என் பையில் இருந்தது. அதை ஓடவிட்டேன். வட்டு டிக், டிக் என்றது. திரையில் நூற்றுக்கு ஒரு வீதம். இரண்டு வீதம்.

கீழே கரையோர ரயில் போனது. யன்னல்கள் அதிர்ந்து அடங்கின. தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

முப்பது வீதத்தில் அவர் கதைக்கத் தொடங்கினார். மரக்கறி விலை சொல்வதுபோன்ற குரல்.

"மகன் போன வருஷம் ஊரிலயிருந்து வந்தவன். வீட்டில இருக்கிற ஆக்களின்ர பொலிஸ் பதிவில நான் அவன்ர பேர் குடுக்கேல்லை. குடுத்தால் கூப்பிட்டு விசாரிப்பாங்கள் எண்டு பயம். ஒரு மாசந்தானே, அதுக்குள்ள வெளிநாடு போயிடுவான் எண்டு நினைச்சன். குளிச்சுக்கொண்டு நிண்டவனை அப்பிடியே வான் வண்டியில ஏத்திக்கொண்டு போட்டாங்கள். தலை துவட்டக்கூட விடேல்லை. முறைப்பாடு குடுக்கப் போனால், உங்கட படிவத்தில ரெண்டு பேர்தானே, ஆர் மூண்டாவது ஆள் எண்டு கேக்கிறாங்கள்."

சுவரோரம் அந்தப் படிவம் மட்டையில் செருகிக் கிடந்தது. வீட்டிலிருப்போர் என்ற தலைப்பின் கீழ் இரண்டு பெயர்கள். மிச்சம் வெறும் வரிகள்.

"அவன்ர படமெல்லாம் உதுக்குள்ளதான். பின்னேரம் செக்கிங் எண்டு கேள்வி. படத்தைக் கண்டால், பதிவில்லாத ஆளை ஏன் வைச்சிருந்தனீங்கள் எண்டு மகளைக் கொண்டுபோவாங்கள். அவளையெண்டாலும் வைச்சிருக்க வேணும்."

"வேற படம்?"

"இல்லை."

நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். எண்கள் நூற்றைத் தொட்டன. வட்டு ஓய்ந்தது. இனி அதில் தோண்டுவதற்கு எதுவுமில்லை. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

புதிதாக நிறுவி முடியப் பதினொன்றரை ஆயிற்று. இறுதியில் கணினி ஒரு கேள்வி கேட்கும்: இதை யார் யார் பயன்படுத்தப் போகிறார்கள்? கீழே ஐந்து வெற்று வரிகள்.

"மகளின்ர பேர் என்ன? குளிச்சு முடிச்சு வந்தவுடனை பாக்கட்டும்."

"அருந்ததி. அவள் விடியவே வகுப்புக்குப் போயிட்டாள்."

என் விரல்கள் விசைகளின் மேல் நின்றன.

தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"பைப்புக்கு வொஷர் போட்டது தம்பி. ரெண்டு தரம். பூட்டினாலும் உப்பிடித்தான்."

முதல் வரியில் அருந்ததி என்று எழுதினேன். இரண்டாவதில் அன்ரியின் பெயர். மூன்றாவது வரி வெறுமையாக இல்லை.

நான் எழுதவில்லை.

"அன்ரி," என்றேன் மெதுவாக, "மயூரதன் ஆர்?"

மகனின் பெயரை அவர் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

"உரத்துச் சொல்லாதையும். அதை அழியும்."

அழித்தேன். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் போயின. விரலை எடுத்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அந்தப் பெயருக்குரிய விசைகள் மட்டும் ஈரமாக இருந்தன. தொட்ட விரலை முகர்ந்தேன். சவர்க்காரம்.

அன்ரி அருகில் வந்து திரையைப் பார்த்தார். அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார்.

"விடும்," என்றார்.

அடுத்த திரையில் மூன்று பெயர்களும் வரிசையாக வந்தன. மூன்றாவதன் கீழே மட்டும் சிறிய எழுத்தில் ஒரு வரி.

"அது என்ன எழுதியிருக்கு?"

எதையும் விளக்கிச் சொல்வது என் பழக்கம். இதையும் சொன்னேன். "ஆள் உள்ளுக்கு வந்திட்டார், இன்னும் வெளியில போகேல்லை எண்டால்தான் அந்த வரி வரும்."

அவர் தலையசைத்தார். மட்டையிலிருந்து படிவத்தை உருவி, என் சட்டைப்பையில் இருந்த பேனையைக் கேட்டு வாங்கி, மூன்றாவது வரியில் மகனின் பெயரை எழுதினார்.

"பின்னேரம் கேட்டால்?"

"இருக்கிறான் எண்டு சொல்லுவன்."

தண்ணீர் நின்றது.

அன்ரி கொடியிலிருந்து துவாயை எடுத்துப்போய்க் குளியலறைக் கதவின் கைபிடியில் போட்டார். "தலையை வடிவாத் துவட்டு," என்றார் கதவைப் பார்த்து.

உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விலகியது.