அவருக்கு இல்லாத பந்தி

அவள் போடப் போட, கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே இருந்தார். முப்பது வருடம் தபால்காரராக இருந்து, கதவைப் பார்த்தே பேர் சொன்ன மனிதர். இப்போது தன் பேரே தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்தப் போராட்டம் போதாதென்று, தோளில் அங்கியோடு மகன் வந்து நின்றான். அந்தச் சபைக்கு அவன்தான் போதகர்.

"அம்மா, அப்பாவை இன்னிக்குத் திருவிருந்துக்குக் கூட்டிட்டு வராதீங்க."

"ஏன்?"

"போன வாரம் அப்பத்தை வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. கமிட்டியில கேக்கறாங்க. தன்னைத்தானே சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் அதை வாங்கணும்னு வேதத்துல இருக்கு. அப்பாவுக்குத் தான் யாருன்னே தெரியலயே... எப்படிம்மா?"

நாலு வருடமாக ஊட்டி, குளிப்பாட்டி, வீட்டைவிட்டு நகராமல் கிடப்பவளிடம் சட்டம் பேசுகிறான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்.

"உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தப்ப என்ன வயசு?"

"நாப்பது நாள். அதுக்கென்ன இப்ப?"

"விசுவாசிக்கிறியான்னு போதகர் கேட்டாரு. நீ கொட்டாவி விட்டே. உனக்காக இவர்தான் பதில் சொன்னாரு. அன்னிக்கு நீ யாருன்னு உனக்குத் தெரியுமாடா?"

அவன் தோளிலிருந்த அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"அவருக்கு இல்லாத பந்தி எனக்கும் வேண்டாம். இவரைத் தாண்டிப் போனீன்னா, இனி உன் கையால நான் வாங்க மாட்டேன்."

அவன் தேவாலயத்துக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் பீடத்தின் முன் மண்டியிட வைத்து, அவளும் பக்கத்தில் மண்டியிட்டாள். மகன் அப்பத் தட்டோடு ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தான். முதல் வரிசையில் கமிட்டிக்காரர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அப்பாவின் எதிரே நின்றான். கண்ணைத் தாழ்த்தினான். நகர்ந்தான்.

அவள் எழுந்துபோகக் கையை ஊன்றினாள். அதற்குள் அவர் மகனின் அங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"நீங்க யாருன்னு தெரியுதாப்பா?" அவன் குனிந்து கேட்டான்.

அவர் நிஜமாகவே யோசித்தார். "தெரியலையே. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. எனக்கு நல்லாத் தெரியும்."

தட்டோடு அவனும் மண்டியிட்டு அப்பத்தை ஊட்டினான். அவர் மென்று விழுங்கும்வரை எழுந்திருக்கவில்லை. அவன் கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு, அவள் தன் கையை நீட்டினாள்.