நுகத்தின் மறுமுனை

பூதிகோட்டையிலிருந்து ஆண்டர்சன்பேட்டைக்கு வரும் வழியில், ஊர் கண்ணில் படும் தூரத்தில் சாலை சட்டென்று வளையும். அந்த வளைவில் ஒரு போலீஸ் சௌக்கி, ஓடு போட்ட ஒற்றை அறை. போகிற வருகிற வண்டிகளை நிறுத்தி விசாரிக்கக் கட்டியது. மாட்டுவண்டிகளை, என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். துரைமார்களின் குதிரைவண்டியை அங்கே நிறுத்தியவன் இன்னும் பிறக்கவில்லை.

1901ஆம் வருஷம், ஆடி மாதத்துப் பிற்பகல். ஏட்டு ஏனோக் தன் மனைவி நேசமணியை வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த வளைவை நோக்கி வந்துகொண்டிருந்தான். அவளுக்குத் தலைச்சன் பிரசவம். இரண்டு நாளாக வலி கண்டும் பிள்ளை இறங்கவில்லை. பூதிகோட்டை மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தால் இரண்டு உயிர் பிழைக்கும்.

வளைவுக்குக் கூப்பிடு தூரத்தில் வண்டிக்காரன் தசரதன் மாடுகளை இழுத்துப் பிடித்தான். ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போகலாம் என்றான். சுற்றினால் இரண்டு மணி நேரம் கூடுதல் ஆகும். முடியவே முடியாது என்றான் ஏனோக்.

“பட்டப்பகல்லதான் அங்க நிக்கிறானாம் ஏட்டய்யா,” என்றான் தசரதன், உள்ளே படுத்திருப்பவளுக்குக் கேட்காத குரலில்.

யார் என்று ஏனோக் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாதா என்ன?

நாலு மாதத்துக்கு முன், பங்குனி வெயிலில், சம்பங்கி என்ற வண்டிக்காரன் விறகு ஏற்றிக்கொண்டு இதே வளைவில் வந்தான். சட்டப்படி இடப்பக்கமாகத்தான் வந்தான். எதிரே ஒரு துரை, குதிரைவண்டியை வலப்பக்கம் ஏற்றி, கண்மண் தெரியாமல் ஓட்டிவந்து மோதினார். குதிரைக்குக் காலில் காயம். அப்போது அந்தச் சௌக்கியில் வேலையில் இருந்த ஏனோக், வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். தப்பு வண்டிக்காரன்மேல்தான் என்றார் துரை. ஏனோக் தலையாட்டினான்.

தலையாட்டியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. துரை மெச்ச வேண்டுமே! மாடுகளை அவிழ்த்து, பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பவுண்டுக்கு அனுப்பிவிட்டு, சம்பங்கியின் தோளிலேயே நுகத்தடியைத் தூக்கி வைத்தான். வண்டிக்கு முட்டுக் கொடுக்கும் கட்டையைக் காலால் எத்தித் தள்ளினான்.

“நான் வந்து சொல்ற வரைக்கும் நிக்கணும். நொகத்தைக் கீழ வெச்சே, மாட்டை மறந்துடு.”

பிறகு துரையோடு ஸ்டேஷனுக்குப் போய் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தான். சாராயம் வாங்கிக் கொடுத்தார்கள். வளைவில் ஒருத்தன் நிற்பதே மறந்துபோயிற்று. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது, சம்பங்கி நுகத்தைத் தோளில் தாங்கியபடியே மண்டியிட்டுச் செத்துக் கிடந்தான். குடிபோதையில் விழுந்து செத்தான் என்று எழுதினார்கள். ஏனோக் மன்றாடி, பூதிகோட்டைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

“ஓட்டு,” என்றான் ஏனோக் இப்போது.

வண்டி வளைவுக்குள் நுழைந்ததும் காற்று எழுந்தது. ஆடிக் காற்று, தங்கம் பிரித்தெடுத்த கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைப் புழுதியை வாரிக்கொண்டு வந்து கொட்டியது. சௌக்கி மறைந்தது. சாலை மறைந்தது. மாட்டின் கொம்புகூடத் தெரியவில்லை. வாயெல்லாம் கரிக்கும் மண். கோலார் தங்கவயலில் ராத்திரி பகல் ஓயாமல் கல் இடிக்கும் மில்லின் சத்தம் மட்டும் திடும் திடும் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் நின்றது.

மாடுகளும் நின்றன.

புழுதிக்குள் காய்ந்த விறகின் வாசனையும் வேர்வை வாடையும் வந்தன. எங்கோ மிகப் பக்கத்தில் ஒரு வண்டி அச்சு கிரீச்சிட்டது. மாடுகள் மூச்சைச் சீறிக்கொண்டு பின்வாங்கின. பூட்டாங்கயிறு அறுந்தது. இரண்டும் திமிறிக்கொண்டு புழுதிக்குள் ஓட, தசரதன் குதித்து அவற்றின் பின்னால் ஓடினான். அவன் ஓடியது மாட்டைப் பிடிக்கவா, உயிரைப் பிடித்துக்கொள்ளவா என்று சொல்ல முடியாது.

வண்டி முன்பக்கம் சாய்ந்தது. நேசமணி அலறினாள்.

ஏனோக் பாய்ந்து நுகத்தின் வலது முனைக்கடியில் தோளைக் கொடுத்தான். வண்டி நின்றது. முட்டுக்கட்டை? காலால் துழாவினான். கட்டை இல்லை. தோளை எடுத்தால் அவள் வயிறு அடிபட உருண்டு விழுவாள். கூப்பிட்டான். குரல் புழுதிக்குள் போய் அமுங்கியது.

எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. தோல் வழன்று ரத்தம் கசிந்தது. இனி ஒரு கணம்கூடத் தாங்காது என்று தோன்றியபோது பாரம் பாதியாகக் குறைந்தது.

நுகத்தின் இடது முனையை யாரோ தாங்கினார்கள்.

ஏனோக் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“நான் எந்தப் பக்கம் வந்தேன் ஏட்டய்யா?”

தணிந்த குரல். கோபமே இல்லை.

“எடப்பக்கம்,” என்றான். “எடப்பக்கம்தான் வந்தே.”

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? கேக்கறவங்க கேக்கும்போது சொல்லுங்க. அப்பாலதான் எறக்கி வெக்க முடியும்.”

வண்டிக்குள் நேசமணியின் முனகல் நின்றிருந்தது. அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மில் சத்தம் திரும்பியது. புழுதி சற்றே விலகியது. ஆண்டர்சன்பேட்டைப் பக்கமிருந்து ஒரு ஜட்கா வந்தது. உள்ளே இன்ஸ்பெக்டர், முன்னால் வெளிறிய முகத்தோடு தசரதன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்தான். முதலில் நேசமணியை ஜட்காவுக்கு மாற்றச் சொன்னார். பிறகு ஏனோக்கைப் பார்த்துச் சிரித்தார்.

“சம்பங்கி நிக்கிறான்னு இவன் உளர்றான். அந்தக் கேஸ்ல தப்பு வண்டிக்காரன்மேலதானே?”

கேட்கிறவர் கேட்டுவிட்டார்.

தசரதன் கைத்தாங்கலில் ஜட்காவில் ஏறிய நேசமணி, பல்லைக் கடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். “சொல்லிடுங்க,” என்றாள் மெல்ல. “கர்த்தருக்குப் பயந்து சொல்லிடுங்க.”

ஏனோக்குக்கு உடுப்பு நினைவுக்கு வந்தது. ஜெயில் நினைவுக்கு வந்தது. மனைவிதான் வண்டியை விட்டு இறங்கியாயிற்றே, இனி என்ன பயம் என்றும் தோன்றியது.

“அவன்மேலதான் சார்.”

நேசமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாடு கிடைத்ததும் ஆள் அனுப்புவதாகச் சொன்னார் இன்ஸ்பெக்டர். “நான் சொல்லி அனுப்புற வரைக்கும் வண்டிகிட்டயே நில்லு,” என்றார். ஜட்கா போயிற்று. தசரதனும் மாட்டைத் தேடிப் போனான்.

ஏனோக் பெருமூச்சு விட்டு, நுகத்தை இறக்கப் பார்த்தான்.

இறங்கவில்லை.

குனிந்தான். நுகம் கூடவே குனிந்தது. நகர்ந்தான், கூடவே நகர்ந்தது. போகிற ஜட்காவைப் பார்த்துக் கத்தினான். அந்தச் சமயம் காற்று மறுபடி எழுந்தது.

மில் சத்தம் நின்றது.

“ஒத்தையா நின்னு நின்னு சலிச்சுப்போச்சு ஏட்டய்யா,” என்றது இடப்பக்கத்துக் குரல். “நடங்க.”

சாயங்காலம் மாடுகளோடு வந்த தசரதன் வளைவில் வண்டியையும் காணவில்லை, ஏனோக்கையும் காணவில்லை. ஏட்டு வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று எழுதினார்கள். எழுதுவதில் அவர்களுக்கு என்ன சிரமம்?

நேசமணிக்குப் பெண் குழந்தை. இரண்டு உயிரும் பிழைத்தன. நாற்பது நாள் கழித்துப் பிள்ளையை எடுத்துக்கொண்டு தசரதனின் புது வண்டியில் பூதிகோட்டைக்குத் திரும்பினாள். ஏரிக்கரை வழியாகப் போகலாம் என்றான் தசரதன். வேண்டாம், வளைவு வழியாகவே போ என்றாள்.

சௌக்கியருகே மாடுகள் தாமாகவே இடப்பக்கம் ஒதுங்கி நின்றன. எதிரே சாலை வெறிச்சோடிக் கிடந்தது. காற்று இல்லை. மில் சத்தம் இல்லை. ஓர் அச்சு கிரீச்சிட்டுக்கொண்டு அவர்களைக் கடந்து போயிற்று. மடியில் கிடந்த குழந்தை, போகிற சத்தத்தின் பக்கமாக மெல்லத் தலையைத் திருப்பியது.

நேசமணி இறங்கிப் பார்த்தாள். வெள்ளைப் புழுதியில், எதிரே வருகிறவர்களுக்குரிய இடப்பக்கத்தில், கோணாமல் இரண்டு சக்கரத் தடங்கள். நடுவே குளம்படி ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் வெறுங்கால் தடம். மறுபக்கம் ஆணி அடித்த போலீஸ் பூட்ஸின் தடம், குதிகால் ஆழப் பதிந்து, இழுபட்டு இழுபட்டுப் போயிருந்தது.