மறுப்பவர் எவரும் இல்லை

மேசைமேல் கல் ஈரமாக இருந்தது.

மதியத் தூக்கத்திலிருந்து எழுந்த கவர்னர் தோன் லிசார்தோ முதலில் அதைக் கவனிக்கவில்லை. கடலிலிருந்து ஏறி வந்த மூடுபனி கோரை வேய்ந்த கூரையின் இடுக்குகளில் புகுந்து, வாள், தொப்பி, மைக்கூடு, சுவரில் தொங்கிய சிலுவை என்று அறையில் இருந்த எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாக்கிவிட்டிருந்தது. அழுகிய கடற்பாசியின் நாற்றமும், கப்பலிலிருந்து இறக்கிய உப்புக்கண்டத்தின் வாடையும், காயாத மண்சுவரின் புளித்த ஈரமும் மூக்கில் அப்பிக்கொண்டிருந்தன. அந்தக் கரையில் கோடை என்றால் இதுதான். மதியம் தாண்டிவிட்டால் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது, கடல்நாய்களின் குரைப்பு மட்டும் எந்தத் திசையிலிருந்து என்று தெரியாமல் வந்துகொண்டிருக்கும்.

காகிதத்துக்குக் கை நீட்டியபோது விரல் கல்லில் பட்டது. முட்டையளவு. கறுப்பு. நடுவில் ஒரு வெள்ளை வளையம்.

அந்தக் கல்லை அவருக்குத் தெரியும். மூன்று நாளுக்கு முன்பு இதே கையால் கடலுக்குள் வீசியிருந்தார்.

புது நிலத்தை ராஜாவின் பெயரில் எடுத்துக்கொள்வதற்கு ஒரு முறை இருந்தது. லிசார்தோ அதை இந்தக் கரையோரத்தில் பலமுறை செய்து சலித்தவர். நான்கு திசைக்கும் ஒவ்வொரு கல் வீச வேண்டும். ஒரு பிடி புல்லை வேரோடு பிடுங்க வேண்டும். வாளால் ஒரு மரத்தை மூன்று முறை வெட்ட வேண்டும். கடல்நீரை அள்ளி மண்ணில் தெளிக்க வேண்டும். இவ்வளவும் முடிந்ததும் பத்திரம் எழுதுபவர் சத்தமாக மூன்று முறை கேட்பார்: இதை மறுப்பவர் எவரேனும் உண்டா? யாரும் வாய் திறக்கவில்லை என்றால் நிலம் ராஜாவுடையது. வீடுவாசல் உள்ள இடமாக இருந்தால் கடைசியாகக் கதவைத் திறந்து மூடிக் காட்ட வேண்டும். இங்கே வெறும் கரைதான் என்பதால் அதை விட்டுவிட்டார்கள்.

இந்த முறை ஒரு கிழவி வாய் திறந்தாள். மேட்டில் நின்று வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்களிலிருந்து தனியாக இறங்கி வந்து, மூன்றாவது கேள்வி முடிந்ததும் பேச ஆரம்பித்தாள். கோபமாகக்கூட இல்லை. மலையைக் காட்டினாள், கடலைக் காட்டினாள், தன் காலடியைக் காட்டினாள். நீளமாக, நிதானமாக, ஒரு வழக்கை எடுத்துவைப்பவள் போலப் பேசினாள். எழுத்தர் மெல்ச்சோரின் இறகு நின்றது.

"என்னய்யா நிறுத்திட்டே?" என்றார் லிசார்தோ.

"அந்தம்மா ஏதோ சொல்லுதே, ஐயா."

"சத்தம் போடுது. ஒண்ணும் சொல்லல. எழுது."

மெல்ச்சோர் எழுதினார்: மறுப்பவர் எவரும் இல்லை. சிப்பாய்கள் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டார்கள். அத்துடன் காரியம் முடிந்தது.

இப்போது அந்தக் கல். எவனோ ஒரு சிப்பாய் மூழ்கி எடுத்து விளையாட்டுக்காக வைத்திருக்கிறான் என்று லிசார்தோ சொல்லிக்கொண்டார். அந்தக் குளிர்ந்த கடலில் எவன் மூழ்குவான் என்ற கேள்வியை அவர் தனக்குள் கேட்கவில்லை. கல்லை ஜன்னல் வழியே வீசினார். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் விழித்தபோது கல் நான்காகியிருந்தது. ஒன்று தலைமாட்டில், ஒன்று கால்மாட்டில், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மேற்கே வீசியது மேற்கிலும் கிழக்கே வீசியது கிழக்கிலுமாக இருந்தன. நடுவில் அவர்.

காவலுக்கு நின்றவன் யாரும் உள்ளே வரவில்லை என்று சத்தியம் செய்தான். அவனைத் திட்டியபடி கட்டிலைவிட்டு இறங்கிய லிசார்தோவுக்குத் தரை தட்டுப்படவில்லை. கால் இருந்தது, அது சொன்னபடி நடந்தது. ஆனால் மண்ணின் குளிர்ச்சியோ சொரசொரப்போ ஒன்றும் மேலே ஏறி வரவில்லை. யாருடைய காலையோ இரவல் வாங்கி நடப்பதுபோல் இருந்தது.

அன்றே கிழவியைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஊரில் ஈ காக்கை இல்லை, அடுப்பில் சாம்பல் மட்டும் இன்னும் சூடாக இருந்தது என்றார்கள்.

அதற்கடுத்த மதியம், தலையணைப் பக்கத்தில் ஒரு பிடி முடி. நரையும் கறுப்புமாக, வேரோடு. ஒழுங்காக ஒரே பக்கமாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. படையின் நாவிதன் ஒர்த்தூனியோதான் அங்கே வைத்தியனும். அவன் வந்து அவர் உச்சந்தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"யாரு எசமான் இப்படிப் பறிச்சது? நான் செரைச்சாக்கூட இவ்ளோ சுத்தமா வராதே. வலிச்சுதா?"

"இல்ல."

"ஊசி வெச்சுக் குத்திப் பாக்கிறேன். தெரியுதான்னு சொல்லுங்க."

"எப்போ குத்துவே?"

"குத்திட்டேன் எசமான்."

ஒர்த்தூனியோ ஊசியைத் தன் சட்டையில் குத்தி வைத்துக்கொண்டான். "இது கப்பல் நோவு. பச்சைக் காய்கறி கண்ணுல படாம மாசக்கணக்கா உப்புக்கண்டம் தின்னா இப்படித்தான். பேசாம கப்பலுக்குப் போய்ப் படுங்க எசமான். இந்த ஈரத்துல என்னத்துக்கு?"

"எடுத்துக்கிட்ட நிலத்துல கவர்னருக்கே படுக்கப் பயமான்னு பசங்க சிரிப்பாங்க. போய் வேலையப் பாரு."

அன்று மாலையே நோயாளிகளைப் பார்க்க ஒர்த்தூனியோ கப்பலுக்குப் போனான். பனி இறுகிவிட்டதால் அவனை ஏற்றிப் போன படகு திரும்பி வரவில்லை.

தனக்கு இன்னும் அதிகமாகப் பயம் வரவேண்டும் என்று லிசார்தோவுக்குத் தெரிந்தது. வரவில்லை. எங்கோ பக்கத்து அறையில் யாரோ பயந்துகொண்டிருக்கிறார்கள், சுவர் தாண்டி அது மெல்லக் கேட்கிறது, அவ்வளவுதான். பயம் வராததுதான் அன்றைக்கு அவரை உண்மையாக உலுக்கிய ஒரே விஷயம்.

நான்காம் மதியம் அவர் தூங்கக்கூடாது என்று உட்கார்ந்திருந்தார். மெல்ச்சோரைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதி எழுதி முதுகு வளைந்துபோன மனிதர் மெல்ச்சோர். வேறு உலகம் தெரியாது. வெள்ளிக்கிழமை கப்பலில் போகவேண்டிய பத்திரத்தைத் தகரக் குழாயில் போட்டு மடியிலேயே வைத்திருந்தார். இருவருக்கும் நடுவில் பனி ஊர்ந்தது. கடல்நாய்கள் குரைத்தன. நின்றன. கூரையிலிருந்து நீர் சொட்டியது. அதுவும் நின்றது.

டக்.

மரத்தில் கோடரி படும் சத்தம். அறைக்குள்ளேதான்.

டக். டக்.

லிசார்தோ குனிந்து பார்த்தார். வலது முழங்கைக்குக் கீழே சட்டை கிழிந்து மூன்று வெட்டு. ஆழமாக, சாய்வாக, ஒன்றன்கீழ் ஒன்றாக. உள்ளே சதை வெளுப்பாகத் தெரிந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. விரல்களை மடக்க நினைத்தார். விரல்கள் மேசைமேல் சும்மா கிடந்தன.

மெல்ச்சோர் வெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் அசைந்தன. பாடம் ஒப்பிக்கும் குரலில் சொன்னார்: "கல்லு. புல்லு. வாள் வெட்டு. அடுத்தது தண்ணி. எல்லாம் முறைப்படிதான் நடக்குது, ஐயா."

"என்னய்யா முறை?"

"எடுத்துக்கிற முறை. நாம கரையில செஞ்சோமே, அதே வரிசைதான். ஒண்ணுகூட மாறல." பயத்திலும் அவர் குரலில் ஒரு மெச்சுதல் இருந்தது. "யாரோ உங்கள எடுத்துக்கிறாங்க ஐயா."

லிசார்தோ இடது கையால் வெட்டுகளை மூடினார். "நிறுத்த வழி?"

"மூணு தடவை கேக்கிறப்போ யாராவது மறுத்தாப் போதும், அதோட செல்லாது."

"அப்போ நீ மறு."

"நான் எப்படிங்க? எழுதுறவன் வாதியா இருக்கக்கூடாது. அது யாரோட சொத்தோ அவங்க சொல்லணும்."

"இது என் உடம்புய்யா!"

"அப்போ நீங்கதான் சொல்லணும்." மெல்ச்சோர் தகரக் குழாயைத் தடவினார். தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இன்னொண்ணும் பண்ணலாம். அந்தம்மா பேசிச்சுன்னு பத்திரத்துல சேத்துடலாம். மறுப்பு இருந்துச்சுன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா நம்ம எடுத்துக்கிட்டது ரத்தாயிடும். நம்மது ரத்தானா ஒருவேளை இதுவும்..."

லிசார்தோ ஜன்னல் பக்கம் திரும்பினார். இருபத்தாறு வருஷம். பாலைவனத்தில் குதிரை மூத்திரம் குடித்த நாட்கள். எத்தனையோ பேரை மண்ணில் புதைத்துவிட்டு வந்து சேர்ந்த கரை. இந்தப் பத்திரம் போய்ச் சேர்ந்தால்தான் பட்டம், சொந்த ஊரில் ஓர் ஆலிவ் தோப்பு, மகள் வீட்டு முற்றத்தில் வெயில் காய ஒரு நாற்காலி. ஒரு கிழவியின் பேச்சை அதில் எழுதினால் எல்லாம் போயிற்று.

"நாளைக்குப் பாக்கலாம்," என்றார்.

வியாழக்கிழமை மதியம் அவர் தூங்கவே இல்லை. ஒரு கணம் இமை தட்டியது, அவ்வளவே. அதற்குள் நெற்றியிலிருந்து இடுப்புவரை நனைந்து கிடந்தார். கடல்நீர். மீசையில் பாசி. பல்லுக்கிடையில் மணல் நறநறத்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. கன்னம் போயிற்று. உதடு போயிற்று. நாக்கு வாய்க்குள் ஈரத் துணியாகக் கிடந்தது. இடது கை மட்டும் இன்னும் அவருடையது. அதனால் கட்டில் சட்டத்தை அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

மெல்ச்சோர் ஓடி வந்தார்.

"எ... எழு..." என்றார் லிசார்தோ. இடது கையால் தகரக் குழாயைக் காட்டினார். ஜன்னலைக் காட்டினார், மேட்டைக் காட்டினார், கிழவி நின்ற இடத்தைக் காட்டினார்.

"அந்தம்மா பேசினதை எழுதணுமா? எழுதிடுறேன் ஐயா, இதோ எழுதிடுறேன்." பத்திரத்தை விரித்து, மைக்கூட்டைத் திறந்து, இறகை நனைத்தார் மெல்ச்சோர். தோப்பு வேண்டாம். பட்டம் வேண்டாம். லிசார்தோவின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. வழிவது தெரியவில்லை, பார்வை கலங்கியதை வைத்துத்தான் அழுகிறோம் என்று புரிந்துகொண்டார். இறகு காகிதத்தைத் தொட்டது.

அப்போது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் நிமிரவில்லை. உடம்பு நிமிர்ந்தது. முதுகு நேராயிற்று. செத்துக் கிடந்த வலது கை எழுந்து சட்டைப் பொத்தானைச் சரிசெய்தது. வாய் திறந்தது. கவர்னரின் கணீரென்ற குரல், படையே அறிந்த குரல், அறையை நிறைத்தது.

"இதை மறுப்பவர் எவரேனும் உண்டா?"

மெல்ச்சோர் திகைத்து அண்ணாந்தார். முப்பது வருஷப் பழக்கம். கை தானாகப் புதுத் தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தது.

நான் மறுக்கிறேன். லிசார்தோ உள்ளே கத்தினார். நாக்கு அசையவில்லை. இடது கையைத் தூக்கப் பார்த்தார். அது எப்போது போயிற்று?

"இதை மறுப்பவர் எவரேனும் உண்டா?"

நான். நான்.

வெளியே கடல்நாய்கள் ஓய்ந்தன. பனி ஜன்னலில் வந்து நின்றது.

"இதை மறுப்பவர் எவரேனும் உண்டா?"

உள்ளே மிச்சமிருந்ததை எல்லாம் திரட்டி லிசார்தோ ஒரே தள்ளாகத் தள்ளினார். நாக்குக்கும் அடியில், தொண்டைக்கும் அடியில் எங்கோ ஓர் இடுக்கு கிடைத்தது. அதன் வழியாக அவர் பேசினார். என் உடம்பு, என் பெயர், நான் பிறந்த ஊர், என்னை இங்கே அனுப்பியவர்கள் என்று ஒன்றுவிடாமல், நீளமாக, நிதானமாகச் சொன்னார். அது வெளியே வந்தது. வந்ததை அவரே கேட்டார். ஏற்றமும் இறக்கமுமாக ஓர் ஊளை.

மெல்ச்சோரின் இறகு நின்றது.

"என்னய்யா நிறுத்திட்டே?" என்றது வாய்.

"ஏதோ... ஏதோ கேக்குதே, ஐயா. உள்ளேருந்து யாரோ சொல்ற மாதிரி..."

மெல்ச்சோர், அது நான்தான். மெல்ச்சோர்.

"சத்தம் போடுது," என்றது வாய், லிசார்தோவின் அதே குரலில், கரையில் அவர் சொன்ன அதே அலட்சியத்தோடு. "ஒண்ணும் சொல்லல. எழுது."

மெல்ச்சோர் அந்த முகத்தையே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் கண்கள் கலங்கின. பிறகு தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். இறகு கீறும் சத்தம் சன்னமாக, இடைவிடாமல் கேட்டது. எழுதி முடித்து, மை காய மணல் தூவி, ஊதினார்.

லிசார்தோ உள்ளிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்த தலை. தாள். ஜன்னலில் வெள்ளையாக நின்ற பனி. அவருக்கென்று மிச்சமிருந்தது அந்தப் பார்வைதான்.

இடது இமை இறங்கியது. ஏறியது. வலது இமை இறங்கியது. ஏறியது. அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக, கதவின் கீல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

பிறகு இரண்டும் சேர்ந்து மூடிக்கொண்டன. உள்ளே இருட்டில் அவர் காத்திருந்தார். வெளியே தன் பூட்ஸ் கால்கள் எழுந்து நடந்து போகும் சத்தமும், முற்றத்தில் சிப்பாய்கள் விறைத்து நின்று வணக்கம் வைக்கும் சத்தமும் கேட்டன.